அச்சேறும் முன் எதிர்வீட்டில் ஒரு புரூஃப் காட்டுங்கள்

மேடையேறி வாதிடும் ஊழியக்காரர்களே, அழைப்புப் பணி செய்யும் தாயிகளே, நோட்டீஸ் அடிக்க வரும் பிரதர்களே, பாய்மார்களே,

பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அச்சகத்தில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர். இப்போது கம்ப்யூட்டரில் தட்டச்சும் நான்தான், பிழை திருத்துவதும் நான்தான். உங்கள் கன்வென்ஷன் அழைப்பு, மார்க்க விளக்கக் கூட்ட அறிவிப்பு, சிறுநூல், பேனர் எல்லாம் என் கை வழியாகத்தான் போயிருக்கின்றன. அந்தக் காலத்தில் உங்கள் இருவர் வேலையும் ஒரே வாரத்தில் வந்துவிட்டால் எங்களுக்கு ‘ஸ்’ பற்றாது. கிறிஸ்து, ஸ்தோத்திரம், இஸ்லாம், முஸ்லிம் என்று கோத்துக்கொண்டே போனால் பெட்டியில் அந்த ஒரு அறை மட்டும் காலியாகிவிடும். ஒருவருடையதை அச்சடித்து, பாரத்தைக் கலைத்து, எழுத்தைக் கழுவிப் போட்ட பிறகுதான் மற்றவருக்குக் கோக்க முடியும்.

நான் உங்கள் இருவரையும் சேர்ந்தவனில்லை. எங்கள் பக்கத்துச் சண்டைகள் எங்களுக்குத் தனியாக இருக்கின்றன. ஆனாலும் உங்கள் எழுத்தை உங்களைவிட அதிகம் படித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பிழை திருத்துகிறவன் ஒரு வரியை மூன்று தடவை படிப்பான். எழுதியவர்கள் அத்தனை தடவை படித்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

சில வருஷங்களுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு பிட் நோட்டீஸ் வந்தன. திங்கட்கிழமை வந்தது கிறிஸ்தவர்களை மறுப்பது. கிறிஸ்தவர்கள் மூன்று கடவுளை வணங்குகிறார்கள், அப்பா கடவுள், அம்மா மரியாள், மகன் இயேசு, கடவுள் ஒரு பெண்ணைச் சேர்ந்து பிள்ளை பெற்றதாக நம்புகிறார்கள் என்று அதில் இருந்தது. புரூஃப் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, ‘இப்படியா நம்புகிறார்கள்? சரிபார்க்கவும்’ என்று பென்சிலால் எழுதினேன். வியாழக்கிழமை வந்தது முஸ்லிம்களை மறுப்பது. அவர்கள் வணங்குவது பழைய அரபிகளின் சந்திரக் கடவுளை, முகமதுவைக் கடவுளுக்குச் சமமாக வைத்துத் தொழுகிறார்கள் என்று அதில் இருந்தது. அங்கேயும் கேள்விக்குறி, அதே பென்சில். புரூஃப் இரண்டும் திரும்பி வந்தன. என் கேள்விக்குறியை ஒருவர் நீல மையால் அடித்திருந்தார், இன்னொருவர் சிவப்பு மையால். பக்கத்தில் இருவரும் எழுதியிருந்தது ஒரே வாசகம்: ‘அப்படியே இருக்கட்டும்.’

காசு வாங்குகிற இடத்தில் அதற்கு மேல் வாய் வராது. அடித்துக் கொடுத்தோம். ஒரே ரீமைப் பிரித்த தாளில்தான் இரண்டும் போயின.

எங்கள் மெஷின்மேன் ஆர்.சி. கிறிஸ்தவர். பைண்டிங்கில் இருப்பவர் மேலப்பாளையத்துக்காரர். பதினெட்டு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். நோன்பு மாதத்தில் மட்டும் மெஷின்மேன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த வாரம் அச்சான தாளை அடுக்கும்போது இருவரும் இரண்டையும் படித்துவிட்டார்கள். மூன்று நாள் ஆளுக்கொரு மூலையில் சாப்பாடு. நாலாம் நாள் கட்டிங் மெஷின் கத்தி மழுங்கி, தாளெல்லாம் பிசிறடித்தது. கத்தியைத் திட்ட இருவரும் சேர்ந்து வாயைத் திறந்தார்கள். அப்படித்தான் அது சரியானது. ஆனால் மெஷின்மேன் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். “அண்ணாச்சி, நான் நம்புறதை அவங்க தப்புன்னு எழுதியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. நான் நம்பாத ஒண்ணை என் தலையில கட்டி, அதைத் தப்புன்னு எழுதியிருக்காங்க.” பைண்டிங் பாயிடம் கேட்டிருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

முதலில் பாய்மார்களுக்கு. கிறிஸ்தவர்கள் கோயிலில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஒரு தடவை வாங்கிப் படியுங்கள். 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்தில் தொடங்கி, 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பார்கள். கடவுள் ஒருவரே என்பதில்தான் அது ஆரம்பிக்கிறது. மூன்று கடவுள் என்று சொல்கிறவனை அவர்கள் சபையே வெளியே தள்ளும். இறைத்தன்மை ஒன்று, அந்த ஒன்றில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள்கள் என்பது அவர்கள் கணக்கு. இது என்ன கணக்கு என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவர்களே அதை மறைபொருள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் மரியாளுக்கு இடமே கிடையாது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற கத்தோலிக்கரைக் கேளுங்கள், மாதா நமக்காக வேண்டிக்கொள்கிறவள் என்பாரே தவிர மூவரில் ஒருத்தி என்று சொல்லமாட்டார். 4ஆம் நூற்றாண்டில் அரேபியாவில் சில பெண்கள் மரியாளுக்கு ரொட்டி படைத்து வழிபட்டதாக எபிபானியுஸ் என்ற ஆயர் எழுதியிருக்கிறார். எழுதியது அதைக் கண்டிக்கத்தான். குர்ஆனின் 5ஆம் அத்தியாயத்தில், உன்னையும் உன் தாயையும் தெய்வங்களாக்கிக்கொள்ளச் சொன்னாயா என்று ஈஸா நபியிடம் இறைவன் கேட்கும் இடத்தைக் காட்டுவீர்கள். அங்கே மறுக்கப்படுவதைத்தான் எபிபானியுஸும் மறுத்தார்.

அடுத்தது ‘மகன்’ என்ற சொல். உங்கள் நோட்டீஸ்களில் அதிகம் அடிபடுவது இதுதான். அரபியில் வலத் என்றும் இப்னு என்றும் இரண்டு சொல் உண்டு என்று உங்கள் மதரஸாவில் படித்த ஒருவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். வலத் என்றால் பெற்ற பிள்ளை. இப்னு என்பது அதைவிட அகலமானது. வழிப்போக்கனுக்குக் குர்ஆனில் இருக்கும் சொல்லே இப்னு ஸபீல், அதாவது பாதையின் மகன். பாதை யாரையும் பெற்றெடுப்பதில்லை. அரபிக் கிறிஸ்தவர்கள் இயேசுவுக்கு இப்னு என்றுதான் சொல்வார்கள். தந்தையிடமிருந்து குமாரன் வருவது விளக்கிலிருந்து வெளிச்சம் வருவது போல, அதில் உடலும் இல்லை, பெண்ணும் இல்லை, ‘அதற்கு முன்’ என்ற ஒரு நேரமும் இல்லை என்பது அவர்கள் விளக்கம். நான் இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் ஏற்கப்போவதில்லை என்று தெரியும். குர்ஆன் இப்னு என்ற சொல்லையும் சேர்த்தே மறுக்கிறது. மறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளக்கத்தை மறுங்கள். கடவுளுக்குப் பெண்டாட்டியா என்று கேட்டுக் கைதட்டல் வாங்குகிறீர்களே, அந்தக் கேள்விக்கு எதிரே ஆளே இல்லை.

இனி பிரதர்களுக்கு. உங்கள் பிழைகளைத் திருத்துவது இன்னும் சுலபம். ஆனாலும் அவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அல்லாஹ் வேறொரு சாமி என்று அச்சடிக்கக் கொடுக்கிறீர்கள். பெய்ரூத்தில் 1865இல் முடிந்த வான்டைக் அரபி பைபிளைத் திறந்தால் முதல் வசனத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. அங்கே உங்கள் கிறிஸ்தவச் சகோதரர் ஜெபிப்பதும் அதே சொல்லால்தான். இங்கே தமிழில் நீங்களே பராபரன் என்றும், சருவேசுரன் என்றும், தேவன் என்றும், கடவுள் என்றும் நாலு விதமாக மாற்றிவிட்டீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாங்கள் புது மேட்டர் கோத்தோம். ஆள் மாறிவிட்டதாக நீங்கள் நினைக்கவில்லையே?

சந்திரக் கடவுள் கதை அதைவிட மோசம். நபிகளின் குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தைக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று ஊர் பேசியது. தன்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ள நினைக்கிறவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவரோ, சூரியனும் சந்திரனும் எவர் சாவுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார் என்று ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாதீர்கள் என்று குர்ஆனின் 41ஆம் அத்தியாயத்திலேயே தடை இருக்கிறது. பள்ளிவாசல் உச்சியில் பிறை பரவியது உதுமானியர் காலத்துப் பழக்கம். அது ஒரு சின்னம், சாமி கிடையாது.

முகமதுவைத் தொழுகிறார்கள் என்பதற்கு அவர்களின் கலிமாவே பதில். தொழுகையில் சொல்லும் சாட்சியத்தில் அவரை அடியார் என்று முதலில் சொல்லி, அதற்குப் பிறகுதான் தூதர் என்று சொல்கிறார்கள். 632இல் அவர் இறந்தபோது அதை நம்பமாட்டேன் என்று அவருடைய தோழர் உமர் வாளை உருவிக்கொண்டு நின்றார். இன்னொரு தோழர் அபூபக்கர் வந்து, முகமதை வணங்கியவர் இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளட்டும், இறைவன் மட்டுமே சாகாதவன் என்ற பொருளில் பேசி ஊரை நிதானத்துக்குக் கொண்டுவந்தார். அன்று அந்தச் சமுதாயம் தாங்க முடியாத துக்கத்தில் இருந்தது. அந்த நேரத்தில்கூட அவரைக் கடவுளாக்கவில்லை. தர்கா கூடுமா, மவ்லித் ஓதலாமா என்று பாய்மார்களுக்குள் நடக்கும் சண்டைக்கும் இரு பக்கத்துக்கும் நான் நோட்டீஸ் அடித்திருக்கிறேன். அனல் பறக்கும். ஆனால் நபி கடவுள் இல்லை என்பதில் இரு பக்கத்துக்கும் ஒரே எழுத்துதான்.

இதெல்லாம் கேள்விக்குறி போட்டுத் திருத்தக்கூடிய பிழைகள். இன்னொன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கே பல வருஷம் ஆயிற்று. இரு தரப்பும் அடிக்கடி ஒரு பட்டியல் கொண்டுவருவீர்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் இயேசு, வலப்பக்கம் முகமது. இவர் அற்புதம் செய்தார், அவர் செய்தாரா? இவர் வாளெடுத்தாரா, அவர் எடுத்தாரா? இவர் உயிர்த்தார், அவர் கல்லறை எங்கே? பாய்மார் கொண்டுவரும் பட்டியலில் சாய்வு மறுபக்கம். அவர் சட்டம் தந்தார், இவர் தந்தாரா? அவர் குடும்பம் நடத்திக் காட்டினார், இவர்? அந்த நடுக்கோட்டை நூறு தடவையாவது நான் போட்டிருப்பேன். அந்தக் கோடு விழுந்திருக்கும் இடமே தப்பு.

இறைவன் மனிதருக்கு அனுப்பியது என்ன என்று கேட்டால் கிறிஸ்தவர் ஓர் ஆளைக் காட்டுவார். வார்த்தை மாம்சமாகி வந்தது என்பார். அவருக்குப் பைபிள் அந்த ஆளைப் பற்றிய சாட்சி. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நாலு பேர் தங்கள் நடையில் எழுதினார்கள் என்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை. முஸ்லிமோ ஓதப்படும் வேதத்தைக் காட்டுவார். மூஸாவுக்குத் தவ்ராத், தாவூதுக்கு ஸபூர், ஈஸாவுக்கு இன்ஜீல், கடைசியாகக் குர்ஆன் என்று இறங்கிய வேதங்கள், அவற்றைச் சுமந்து வந்த தூதர்கள். ஆகவே ஈஸாவுக்கு அருளப்பட்ட ஓர் இன்ஜீலைத்தான் அவர் கேட்பார். நாலு பேர் எழுதியதை நீட்டினால், மூலம் எங்கே என்பார். அவர் கேட்பது நியாயம்தான், ஆனால் மற்றவர் கடையில் அந்தச் சரக்கே கிடையாது. இயேசுவுக்கு எதிரே வைக்கவேண்டியது குர்ஆனைத்தான் என்று ஒப்பியல் அறிஞர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். நான் கோடு போட்டுப் போட்டுத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வரலாற்றைப் பாருங்கள், அதுவும் ஒத்துவருகிறது. குமாரன் படைக்கப்பட்டவரா, ஆதியிலேயே இருந்தவரா என்று ஆரியுஸ் என்பவர் கிளப்பிய கேள்விதான் நிசேயாவைக் கூட்டியது. ஐந்நூறு வருஷம் கழித்து 833இல், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒத்துக்கொள்ளும்படி கலீபா மாமூன் அறிஞர்களை விசாரணைக்கு இழுத்தார். அவர்களில் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார், அடுத்த கலீபா காலத்தில் சவுக்கடி வாங்கினார், அப்போதும் வளையவில்லை. இறைவனின் வார்த்தை படைக்கப்பட்டதா என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. இதற்கு ஒரு வரம்பு உண்டு. முஸ்லிம் எவரும் குர்ஆனை வணங்குவதில்லை, கிறிஸ்தவர் கிறிஸ்துவை வணங்குகிறார். ஆனாலும் உங்கள் முன்னோர் இருவரும் எங்கே வியர்த்தார்கள் என்று தெரிந்துகொண்டால், எதிரில் இருப்பவர் முட்டாள் என்ற நினைப்பு போய்விடும்.

நபித்துவத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. இங்கே சொல்லே நம்மைக் கவிழ்க்கிறது. பழைய தமிழ் பைபிளில் தீர்க்கதரிசி, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இறைவாக்கினர், முஸ்லிம் தமிழில் நபி. தீர்க்கதரிசி என்றால் வருவதைச் சொல்கிறவர் என்று காதில் விழுகிறது. இறைவாக்கினர் என்றால் இறைவன் வாக்கை எடுத்துச் சொல்கிறவர். நபி என்றால் ஒரு சமுதாயத்துக்கு முன்மாதிரியாக அனுப்பப்பட்டவர் என்பது முஸ்லிம் மனசில் இருக்கும் பொருள். மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, உங்கள் தாவீது இப்படிச் செய்தாரா என்று சண்டை போடுகிறீர்கள்.

தாவீதையே எடுத்துக்கொள்வோம். பைபிளில் சாமுவேலின் இரண்டாம் நூலில், தாவீது இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் புருஷனைப் போர்முனையில் சாகவிடுகிறார். நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார். மந்தை மந்தையாக ஆடு வைத்திருக்கும் பணக்காரன், ஒரே ஒரு குட்டியைத் தன் பிள்ளை போல மடியில் வைத்து வளர்த்த ஏழை. விருந்தாளி வந்ததும் பணக்காரன் அந்த ஏழையின் குட்டியை அறுத்துவிடுகிறான். தாவீது கொதிக்கிறார். அந்த ஆள் நீர்தான் என்கிறார் நாத்தான். இப்போது குர்ஆனின் 38ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். தாவூது நபியின் தொழுமிடத்துச் சுவரேறிக் குதித்து இருவர் வழக்கோடு வருகிறார்கள். இவனுக்குத் தொண்ணூற்றொன்பது ஆடு, எனக்கு ஒன்றுதான், அதையும் கேட்கிறான் என்கிறான் ஒருவன். தாவூது தீர்ப்புச் சொல்கிறார். சொன்ன பிறகு, இது தனக்கு வந்த சோதனை என்று உணர்ந்து, மன்னிப்புக் கேட்டு, பணிந்து விழுகிறார். மன்னிக்கப்படுகிறார். குற்றம் என்ன என்று குர்ஆன் சொல்லவில்லை. பழைய விரிவுரைகள் சிலவற்றில் அந்தப் பெண்ணின் கதை உள்ளே வந்தது. இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்கள் அதை ஏற்கவில்லை.

இரண்டிலும் ஒற்றை ஆடு இருக்கிறது, ஒரு ராஜா மனம் வருந்துகிறார். பிறகு ஏன் இத்தனை கோபம்? பாய்மார்களுக்கு நபி என்பவர் பின்பற்றி நடக்கவேண்டியவர். இப்படிப்பட்ட பாவத்தில் விழுந்தவரை எப்படிப் பின்பற்றுவது, அவர் கொண்டுவந்த தூதை எப்படி நம்புவது? ஆகவே பைபிள் கதை அவர்களுக்கு ஒரு நபியின் மேல் வீசிய சேறு. கிறிஸ்தவர்களுக்கு அதே கதை உயிர்நாடி. தாவீதே விழுந்தார் என்றால் விழாத மனிதன் இல்லை, அதனால்தான் மீட்பர் ஒருவர் வரவேண்டியிருந்தது என்பது அவர்கள் நூலின் ஓட்டம். தாவீதின் பாவத்தை எடுத்துவிட்டால் சிலுவைக்குக் காரணம் இளைத்துப்போகும். அதை ஏற்றுக்கொண்டால் நபித்துவத்தின் அஸ்திவாரம் ஆடும். ஓர் ஆட்டுக்குட்டி வழக்கில் இரு மார்க்கமும் தங்கள் முழுப் பாரத்தையும் ஏற்றி வைத்திருக்கின்றன. உங்கள் நோட்டீஸ்களிலோ இந்தப் பக்கம் ‘பைபிளின் ஆபாசம்’ என்று தலைப்பு, அந்தப் பக்கம் ‘மறைக்கப்பட்ட உண்மை’ என்று தலைப்பு. பாயிண்ட் சைஸ் மட்டும் பெரிசு.

பாய்மார்களே, உங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. நாங்கள் ஈஸா நபியை ஏற்கிறோம், கன்னி மர்யமுக்குப் பிறந்தார் என்று ஏற்கிறோம், குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் மர்யம்தான், 19ஆம் அத்தியாயத்துக்கே அவர் பெயர், பதிலுக்கு நீங்கள் எங்கள் நபியை ஒரு நபியாகக்கூட ஏற்பதில்லையே என்கிறீர்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் மறுபக்கம் இருந்து இது எப்படித் தெரிகிறது என்றும் பாருங்கள். சிலுவையில் சாகாத, மகன் அல்லாத ஈஸாவை நீங்கள் மதிக்கும்போது, பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் கோயிலில் அழுகிறவருக்குத் தன் இயேசுவை ஏற்றுக்கொண்டதாகத் தோன்றாது. குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் சிலுவைச் சாவை மறுக்கிறது. அந்தச் சாவு இல்லாவிட்டால் கிறிஸ்தவம் இல்லை. பிரதர்களே, நீங்களும் பாருங்கள். இறைத்தூது குமாரனோடு நிறைவுபெற்றது என்பதால்தான் அடுத்து ஒரு நபிக்கு இடமில்லை என்கிறீர்கள், அந்த மனிதர் மேல் வெறுப்பு வேண்டும் என்று உங்கள் வேதம் எங்கும் கேட்கவில்லை.

‘எல்லாம் ஒன்றுதான்’ என்று பொன்னாடை போர்த்தும் நல்லிணக்க விழாக்களுக்கும் நான் பேனர் அடித்திருக்கிறேன். நான் கேட்பது அது இல்லை. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லுகிறவர் இரண்டு நூலையும் படித்ததில்லை.

வேறுபாட்டை மறைக்காமலே மரியாதையாகப் பேச முடியும் என்பதற்கு உங்கள் முன்னோரே சாட்சி. 615 வாக்கில் மக்காவிலிருந்து அபிசீனியாவுக்கு அடைக்கலம் தேடிப்போன முஸ்லிம்கள், கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷியின் முன் நின்றார்கள். அவர்களில் ஜஃபர் என்பவர் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார். அரசர் அழுதார். கதை அங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் வசதி. மறுநாள், அவர்களைத் திருப்பிக் கேட்டு வந்திருந்த மக்கா தூதன் அம்ரு, இவர்கள் ஈஸாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள் என்று போட்டுக்கொடுத்தான். தஞ்சம் கேட்டு நிற்கிறவன் அங்கே பூசி மெழுகியிருக்கலாம். ஜஃபர் மெழுகவில்லை. இறைவனின் அடியார், அவனுடைய தூதர், அவனிடமிருந்து வந்த ஆவி, மர்யமிடம் போட்ட வார்த்தை என்று சொன்னார். அரசவையில் இருந்தவர்கள் அதிருப்தியில் உறுமினார்கள். அடைக்கலம் தொடர்ந்தது. பின்னாளில் நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் மதீனாவில் நபிகளோடு வாதிட்டார்கள், மசூதியிலேயே கிழக்கு நோக்கித் தங்கள் ஜெபத்தையும் செய்தார்கள், இணக்கம் வராமல் உடன்படிக்கையோடு ஊர் திரும்பினார்கள்.

8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்தாதில் கலீபா மஹ்தியும் கிழக்குத் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமொத்தேயுவும் இரண்டு நாள் பேசினார்கள். முகமதைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கலீபா நேராகவே கேட்டார். அவர் தீர்க்கதரிசிகளின் வழியில் நடந்தவர் என்றார் திமொத்தேயு. சிலைகளை விட்டு ஒரே இறைவனிடம் மக்களைத் திருப்பினாரே என்று காரணமும் சொன்னார். தீர்க்கதரிசி என்ற அந்தச் சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் மரியாதையும் இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. கடைசியில் அவர் சொன்னது முத்துக் கதை. இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுகிறது, ஆளாளுக்குக் குனிந்து எதையோ எடுத்துக்கொள்கிறார்கள், தன் கையில் இருப்பதுதான் முத்து என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், விடிந்தால்தான் தெரியும். பரதவரும் காயல்பட்டினத்துக்காரர்களும் முத்தெடுத்த கடலோரம் நம்முடையது. சிப்பியைத் திறக்கும் முன் விலை பேசுகிறவனை என்ன சொல்வோம் என்று நமக்குத் தெரியும். இந்த உரையாடல் திமொத்தேயு எழுதிவைத்த கணக்கு என்பதையும் சொல்லவேண்டும். பிழை திருத்துகிற தொழில் அப்படி.

அதற்கு நேர்மாறு ஆக்ரா. 1854 ஏப்ரலில் ஜெர்மானிய மிஷனரி பாண்டரும் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் இரண்டு நாள் வாதிட்டார்கள். பேசுவதாக ஒப்புக்கொண்ட தலைப்பு ஐந்து: வேதச் சட்டங்கள் மாற்றப்பட்டது, வேதம் திரிக்கப்பட்டது, திரித்துவம், முகமதின் நபித்துவம், குர்ஆன். இரண்டு நாளும் முதல் இரண்டிலேயே தீர்ந்துபோயின. கடவுள் எப்படிப்பட்டவர், நபி யார் என்ற கேள்விகளை அந்த விவாதம் தொடவே இல்லை. இரு தரப்பும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. நூற்றெழுபது வருஷமாக உங்கள் மேடைகள் ஆக்ராவையே திருப்பி நடத்துகின்றன. கைபேசியில் வரும் துண்டுகளில் யாரோ தெறித்து ஓடுகிறார், யாரோ வாயடைத்துப் போகிறார், மறுநாள் மறுபக்கம் இதே தலைப்பைப் போடுகிறது.

திறந்த மடல் உங்களுக்குப் புதிதில்லை. 2007 அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒன்று எழுதினார்கள், பதில்களும் வந்தன. அவர்கள் பெரியவர்கள், கேட்டதும் பெரியது. நான் கேட்பது ஒரு தாள் சமாச்சாரம்.

அடுத்த தடவை நோட்டீஸ் எழுதும்போது, மற்றவர் என்ன நம்புகிறார் என்று நீங்கள் எழுதும் பத்தியை மட்டும் தனியாக எடுங்கள். மறுப்பைக் காட்டவேண்டாம், அது உங்கள் சொத்து. அந்த ஒரு பத்தியின் புரூஃபை எதிர்வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். பாய்மார்கள் ஒரு போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ, பிரதர்கள் ஓர் ஆலிமிடம். ‘ஆமாம், நாங்கள் நம்புவது இதுதான்’ என்று அவர் சொல்லும் வரை திருத்துங்கள். அதற்குப் பிறகு உங்கள் மறுப்பை எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் ஒரு கேள்விக்குறி போடமாட்டேன். மேடைக்கும் இதே ஏற்பாடு. பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிஷம் எதிராளியின் நம்பிக்கையைச் சொல்லுங்கள், அவர் தலையாட்டினால் மட்டும் மேலே பேசுங்கள்.

அந்தக் கூடுதல் புரூஃப் தாளுக்கு எங்கள் அச்சகத்தில் காசு வாங்கமாட்டோம். முதலாளியிடம் பேசிவிட்டேன். எடுத்துக்கொண்டு போய்க் காட்ட ஆள் இல்லையென்றால் எங்கள் மெஷின்மேனும் பைண்டிங் பாயும் ஒரே சைக்கிளில் வருவார்கள்.